மூன்று கொக்கிகளும் ஓர் ஏரியும்

நோலீன் டிரெவினுக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது போர்ட் பிரீ ஊர் முழுக்கத் தெரியும். பள்ளிச் சிற்றுண்டிக் கடையில் முப்பது வருடம் நின்றவள். எந்தப் பிள்ளை இரண்டாம் தடவை வரிசையில் நுழைகிறான் என்று திரும்பாமலே சொல்லுவாள். அந்தக் கண்ணில்தான் இப்போது, யாரைப் பார்த்தாலும் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் திட்டு. "ரெண்டு வருஷம், மிஞ்சிப்போனா மூணு," என்று கண் மருத்துவர் கையை விரித்துவிட்டார்.

அவள் புருஷனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. வடக்கே பாலைவனத்தில் வருடக்கணக்காக வறண்டு கிடந்த ஏயர் ஏரியில் தண்ணீர் வந்திருக்கிறது, கூழைக்கடாப் பறவைகள் ஆயிரக்கணக்கில் இறங்கியிருக்கின்றன. கண் இருக்கும்போதே அதைப் பார்த்துவிட வேண்டும்.

டெஸ் உடனே சரி என்றான். ஈய ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் கூடார டிரெய்லர் ஒன்றை வாங்கினான். அன்றைக்குப் பிடித்தது சனி.

"இந்த உருண்டைக் கொக்கி தார் ரோட்டுக்குத்தான் லாயக்கு," என்று காரையும் டிரெய்லரையும் இணைக்கும் கொக்கியைக் கழற்றி எறிந்தான். எல்லாப் பக்கமும் திரும்புகிற கொக்கி வந்தது. அதன் ஆணியைத் துளையில் சேர்க்கக் காரை நூல் பிடித்தாற்போல் பின்னால் எடுக்க வேண்டும். அவனுக்கு அது கைவரவில்லை. மூன்றாவது கொக்கி வந்தது. பிறகு டிரெய்லரின் ஸ்பிரிங் பட்டைகள் போய், சக்கரத்துக்குச் சக்கரம் தனி சஸ்பென்ஷன். அதற்குள் குளிர்காலம் முடிந்துவிட்டது. கோடை வெயிலில் அந்தப் பக்கம் பைத்தியக்காரன்கூடப் போகமாட்டான்.

"நான் பாக்கணும்னு சொன்னது ஏரிய, டெஸ். உன் ஷெட்ட இல்ல."

"உனக்காகத்தானே நோலி பாக்குறேன்? நடுக்காட்டுல அத்துக்கிட்டா யாரு வருவா?"

ஞாயிற்றுக்கிழமை பீர் குடிக்க வந்த கூட்டாளி ஒருவன் டிரெய்லரின் கீழே குனிந்து பார்த்து மெச்சினான். "மாப்ள, இதுல நிலாவுக்கே போகலாம்டா."

"முதல்ல வாசல் கேட்டத் தாண்டட்டும்," என்றாள் நோலீன். எல்லாரும் சிரித்தார்கள். டெஸ்ஸும் சிரித்தான்.

இரண்டாம் குளிர்காலமும் அப்படியே போயிற்று. டிரெய்லரின் பாரத்தில் காரின் பின்பக்கம் தொங்கிவிட்டது. பட்டறைக்காரன் டேரில் முகத்துக்கு நேரே சொன்னான்.

"சுமைய இறக்குங்க, டெஸ். ஸ்பிரிங் நடுவுல காத்துப் பை வச்சா வண்டி தூக்கும்தான். ஆனா அத்தன பாரமும் சேஸிஸ்ல ஒரே இடத்துல குத்தும்."

எதை இறக்குவது? உபரிக் கொக்கியையா, உபரி ஸ்பிரிங்கையா, வெல்டிங் மெஷினையா? டெஸ்ஸுக்கு மனசு வரவில்லை. காற்றுப் பையையே வைக்கச் சொன்னான். வண்டி நிமிர்ந்து நின்றது, அவனும் நிமிர்ந்து நின்றான்.

மூன்றாம் குளிர்காலம் கிளம்பினார்கள். ஏரியில் இன்னும் தண்ணீர் இருந்தது. நோலீனுக்கு ஓரப் பார்வைதான் மிச்சம். பறவைக் கூட்டத்துக்கு அது போதும் என்று நினைத்துக்கொண்டாள். மாரீ ஊரைத் தாண்டியதும் மண் சாலை வரிவரியாக எழும்பி, பல் கிட்டித்துப்போகும் அளவுக்குக் குலுக்கியது. ஏரிக்கு அறுபது கிலோமீட்டர் இருக்கும்போது 'மடக்'கென்று ஒரு சத்தம். சேஸிஸ் வளைந்து, காரின் பின்பாதி தரையை நோக்கி இறங்கிவிட்டது.

டெஸ் அடியில் படுத்து வெகுநேரம் தடவிப் பார்த்தான்.

"கொக்கிக்கு ஒண்ணும் ஆகல, நோலி," என்றான்.

மறுநாள் மதியம் மீட்பு லாரி வந்து காரை ஏற்றி, டிரெய்லரைப் பின்னால் மாட்டிக்கொண்டு தெற்கே திரும்பியது. டிரைவருக்குப் பக்கத்தில் இருவரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டெஸ் மெதுவாக அவள் கையைப் பிடித்தான்.

"அடுத்த வருஷம் கண்டிப்பா..."

அவள் கையை உருவிக்கொண்டாள்.

"அடுத்த வருஷம் நீ மட்டும் போ. பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு," என்றாள். சற்றுப் பொறுத்து, "இல்ல, வேணாம். நீ போனாலும் வண்டிக்கு அடியிலதான் பாத்துக்கிட்டு இருப்ப," என்றாள்.