ஆளுயர மாலை விழுந்த சூரிய பம்ப்

இன்று வையம்பட்டிப் பக்கம் ஒரு காலனியில் சூரிய பம்ப் திறப்பு விழா. இரும்புச் சட்டத்தில் பொருத்திய ஒவ்வொரு லென்ஸும் குவிக்கும் வெயில் அதன் பின்னால் இருக்கும் சின்ன சூரிய செல்லின் மேல் நேராக விழுந்தால்தான் மோட்டார் ஓடும். கல்லூரியிலிருந்து பம்பைப் பொருத்தப் போன நானே காலையில் திருகித் திருகிச் சரிசெய்தேன். தண்ணீர் வந்தது.

அப்புறம் அதிகாரி வந்தார். லென்ஸுக்கெல்லாம் சந்தனப் பொட்டு. சட்டத்துக்கு ஆளுயர ரோஜா மாலை. கனத்தில் சட்டம் சாய்ந்தது. வெளிச்சப் புள்ளி செல்லை விட்டு நகர்ந்து வயரில் விழ, வயர் புகைந்தது.

"மாலையை எடுங்க சார், வயர் கருகுது."

"போட்டோ எடுக்கட்டும் தம்பி. பூஜை நேரத்துல அபசகுனமா பேசாதீங்க."

போட்டோ எடுத்தார்கள். தண்ணீர் நின்றது.

தண்ணீர் பிடிக்க வரிசையில் முதலில் நின்ற காலனி அக்கா காலிக் குடத்தோடு என்னிடம் வந்தார்.

"மறுபடி பண்ணை வீட்டுக் கிணத்தடியிலதான் நிக்கணுமாங்க? கயிறக்கூடத் தொட விடமாட்டாங்க. அவங்களா பாத்து ஊத்தணும்."

புது வயர் எப்போது வரும் என்று அதிகாரியிடம் கேட்டேன்.

"அதான் திறந்தாச்சுல்ல" என்று ஜீப்பில் ஏறிவிட்டார்.

துவாக்குடி ஹாஸ்டல் பலகையில் இதை ஒட்டுகிறேன். இன்று திறந்தது எதை என்று தெரிந்தவர்கள் கீழே எழுதலாம். அந்த அக்காவிடம் நான் போய்ச் சொல்ல வேண்டும்.