நிறுத்திவைத்த பங்கு

எங்கள் வீட்டில் பாகம் பிரிக்க ஒரு வழக்கம் உண்டு. பெரியவன் பிரிக்க வேண்டும், சின்னவன் முதலில் எடுக்க வேண்டும். பிரிக்கிறவன் கை கோணாமல் இருக்க யாரோ புத்திசாலி செய்து வைத்த ஏற்பாடு. என் கணவருக்கோ தான் அதைவிடப் புத்திசாலி என்று நினைப்பு. மைசூர் அக்ரஹாரத்து வீட்டை, பூஜையறையும் கிணறும் ஒரு பாகம், தெருவைப் பார்த்த கடை இன்னொரு பாகம் என்று பிரித்தார். தம்பி பக்திமான், பூஜையறையை விடமாட்டான் என்பது அவர் போட்ட கணக்கு. கொழுந்தனார் சாமியை நன்றாகக் கும்பிட்டுவிட்டுக் கடையை எடுத்துக்கொண்டார்.

"அது செல்லாது" என்றார் இவர். கொழுந்தனார் கோர்ட்டுக்குப் போனார். கூடத்தின் நடுவே சுவர் எழும்பியது.

இதற்கிடையில் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பக்கம் அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாக இருந்த நிலம் விற்று, மூத்தவர் என்பதால் முழுப் பணமும் இவர் கணக்கில் வந்து விழுந்தது. பாதி தம்பியுடையது. அதில் தகராறே இல்லை, இவரே ஒப்புக்கொள்வார். ஆனால் கொடுக்கமாட்டார்.

"கேஸ் போட்டிருக்கான்ல? காசு கைக்குப் போனா அதுலயே வக்கீல் ஃபீஸ் கட்டி நம்ம மேலயே ஏவுவான். கேஸை வாபஸ் வாங்கட்டும், அன்னிக்கே குடுத்துடறேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் என் ஓரகத்தி. அவளுக்கு முழங்கால் மூட்டு இரண்டும் தேய்ந்துபோய், செயற்கை மூட்டு வைத்தால்தான் நடக்க முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பணத்தை நம்பித்தான் காத்திருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்கு நகரும்போது அவள் முனகுவது எங்களுக்குக் கேட்கும். இவர் டிவி சத்தத்தைக் கூட்டுவார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அலுத்துப்போயிருந்தது.

நான் சரித்திர டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சர்க்கார் பரீட்சைக்குப் படிக்கும் பெண்கள் சிலர் சாயங்காலம் டியூஷனுக்கு வருவார்கள். அன்று பாடம் தேசப் பிரிவினை. மேஜை, நாற்காலி, டைப்ரைட்டர் வரை இரண்டு நாடும் பங்கு போட்டுக்கொண்டதைச் சொன்னேன். ரொக்கத்தில் பாகிஸ்தானுக்குச் சேரவேண்டிய பாக்கியை நம் அரசு ஒப்புக்கொண்டது. காஷ்மீரில் சண்டை நடந்ததால் கொடுக்காமல் நிறுத்திவைத்தது. கொடுத்தால் அதே பணத்தில் துப்பாக்கி வாங்கி நம்மையே சுடுவார்கள் என்பது வாதம். சொல்லும்போதே எனக்கு வாய் கசந்தது. உள்ளறையில் இவருடைய ஈஸிசேர் கிரீச்சிடுவது நின்றது.

பிறகு ஒரு கிழவர் உண்ணாவிரதம் இருந்தார், அந்த நாட்களில் பணத்தைக் கொடுக்க முடிவானது என்றேன். நான் சாப்பாட்டை நிறுத்தினால் இவர் தனக்கு மட்டும் மசால் தோசை வாங்கி வருவார்.

கொள்ளேகாலத்துப் பெண் ஒருத்தி கேட்டாள். "குடுத்ததுக்கப்புறம் சண்டை நின்னுருச்சுங்களா மிஸ்?"

"இல்லம்மா."

"அப்புறம் எதுக்குங்க குடுக்கோணும்?"

புத்தகத்தில் இதற்கு நீளமான பதில் உண்டு. அதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"அவங்களோடது. அதனால" என்றேன்.

பெண்கள் போனபிறகு இவர் எழுந்து வந்தார். "எனக்குத்தானே சொன்ன?"

"பரீட்சைக்குச் சொன்னேன். உங்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குதுங்க. அவ தவழ்ந்து போற மாதிரி ஆயிட்டா, கேஸ் ஜெயிச்சு என்ன பண்ணப்போறீங்க?"

அந்த வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு காலை, என்னிடம்கூடச் சொல்லாமல் பாங்க்குக்குப் போய்ப் பணத்தை அனுப்பிவிட்டு வந்தார். "வக்கீலுக்குத்தான் போகப்போகுது, பாரு" என்றார்.

அவர் சொன்னதும் பொய்க்கவில்லை. ஆபரேஷன் செலவு போக மிஞ்சியதில் கொழுந்தனார் இன்னும் பெரிய வக்கீலாகப் பார்த்து வைத்தார்.

போன மாதம் சாட்சி விசாரணை. எங்களுக்கு எதிரான சாட்சி என் ஓரகத்தி. கோர்ட் மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமல் ஏறி வந்தாள். எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரியவர் பிரித்தார், நாங்கள் எடுத்தோம், பேச்சு மாறியது அவர்தான் என்று கணீரென்று சொன்னாள். நடுவில் நீதிபதி, உட்கார்ந்து பேசலாமே என்றார். வேண்டாம் என்றுவிட்டாள்.

இவர் என் பக்கம் சாய்ந்தார். "நல்லா நிக்கறா, இல்ல?" என்றார்.