பாலைவனம் தாண்டிய கடிதமும் நாற்பது ரோல்ஸும்

நான் கடித உறைகளைச் சேர்ப்பவன். கடிதங்களை அல்ல, உறைகளை. உள்ளே யார் யாருக்கு என்ன எழுதினார்கள் என்பதில் எனக்கு அக்கறை இல்லை. வெளியே எந்த ஊர் முத்திரை எந்த மூலையில் விழுந்திருக்கிறது என்பதுதான் விஷயம். கல்யாண வீட்டுக்குப் போய்ப் பந்தல்கால்களை எண்ணிவிட்டு வருகிற ஆள் என்று என் மனைவி சொல்வாள். அவள் சொல்வதில் பாதியை நான் மறுத்துவிடுவேன். இதை மறுக்க முடிந்ததில்லை.

அதிலும் என் பைத்தியம் ஒரே திசையில் ஓடுவது. டமாஸ்கஸுக்கும் பாக்தாத்துக்கும் நடுவே பாலைவனத்தைக் கடந்து போன பழைய தபால். முதலில் ஒட்டகத்தில், பிறகு மோட்டார் வண்டியில். வெள்ளைக்காரத் துரைமாரிடம் வரைபடமும் திசைகாட்டியும் இருந்தன. வழி மட்டும் இல்லை. வழி அங்கிருந்த குலங்களுக்குச் சொந்தமானது. எனவே துரைமார் கூடாரம் கூடாரமாகப் போய் உட்கார்ந்து, கசப்புக் காப்பியைக் குடித்து, அங்கி பரிசளித்து, எங்கள் தபால்காரனை ஒன்றும் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய சாம்ராஜ்யத்தின் கடிதங்கள் காப்பியின் தயவில் போய்ச் சேர்ந்தன.

அங்கே ரஃபீக் என்று ஒரு வழக்கம் இருந்தது. ஒரு குலத்தின் நிலத்தைக் கடக்க வேண்டுமானால் அந்தக் குலத்து ஆள் ஒருவரையே துணைக்கு அழைத்துக்கொள்ள வேண்டும். அவர் பக்கத்தில் இருக்கும்வரை அவருடைய ஆட்கள் உங்கள்மேல் கைவைக்க மாட்டார்கள். மெல்போர்னில், கிளேட்டனில் இருக்கும் என் வீட்டுக்குச் சாப்பிட வந்த அத்தனை பேருக்கும் இதை விளக்கியிருக்கிறேன். சிலர் மறுபடி வரவில்லை.

விடாமல் வந்தவர் ஒருவர்தான். மன்னார்க்காரர், நோபல் பார்க்கில் வீடு, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தபால்தலைச் சங்கத்தில் பழக்கமானவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் நேரே என் வீட்டுக்கு வந்து, சமையலறையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "தம்பி, இண்டைக்கு எந்தப் பாலைவனம்?" என்பார். பதினோரு வருஷமாக இதைத்தான் கேட்கிறார். பதிலையும் முழுதாகக் கேட்பார். இப்படி ஒருவர் கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று என் வீட்டாரைக் கேட்டால் சொல்வார்கள்.

போன வருஷம் ஒரு ஞாயிறு, சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். அதற்குள் ஒரு பழைய கடித உறை. அவருடைய தாத்தா பாலஸ்தீனத்து ஹைஃபா துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவராம். அங்கிருந்து மன்னாருக்கு மனைவிக்கு எழுதியது. சூயஸ் வழியாகக் கப்பலில் சாதுவாக வந்திருக்க வேண்டிய கடிதம். யாரோ தப்பான சாக்கில் போட்டுவிட, பாலைவனத்தைக் கடந்து பாக்தாத் போய், பம்பாய் வந்து, ராமேஸ்வரம் பக்கத்து ரயிலும் படகும் ஏறித் தலைமன்னாரில் இறங்கியிருக்கிறது. பின்பக்கத்தில் பாக்தாத் முத்திரை அப்படியே நின்றது. ஓடிப்போய்ப் பூதக்கண்ணாடியை எடுத்துவந்தேன்.

"உங்களிட்டைத்தான் முதல் முதல் காட்டுறன்" என்றார்.

நகரத்தில் நடந்த தபால்தலைக் கண்காட்சிக்கு அதைக் கேட்டு வாங்கினேன். கண்காட்சித் தாளில் உறை தட்டையாக இருந்தால்தான் அழகு. எனவே உள்ளே இருந்த காகிதத்தை வெளியே எடுத்து வைத்தேன். நடுவர்கள் ஒரு பாராட்டுச் சான்றிதழ் தந்தார்கள். உறையையும் சான்றிதழையும் சேர்த்து, பெருமை பொங்க, அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அதன்பிறகு நாங்கள் இந்தியா போனோம், அவருக்கு முழங்கால் ஆபரேஷன், இரண்டு மாதம் ஓடிவிட்டது. ஒரு காலையில் போன் வந்தது.

"தம்பி, உள்ளுக்கை இருந்தது எங்கை?"

"உள்ள என்னண்ணே இருந்தது?" என்று கேட்டேன்.

மனிதன் வாயைத் திறந்து கேட்கக்கூடாத கேள்விகள் சில உண்டு. "கடிதம்" என்றார். வைத்துவிட்டார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் வரவில்லை. என் மனைவி பழக்கதோஷத்தில் மூன்று தம்ளரில் காப்பி ஊற்றிவிட்டு, ஒன்றைத் திரும்பப் பாத்திரத்தில் கொட்டினாள்.

விஷயம் என்ன என்பதை அவருடைய மனைவிதான், எங்களுக்கு அக்கா, என் மனைவிக்குப் போனில் சொன்னார். அந்தக் கடிதத்தில்தான், ஊரில் பிறந்திருந்த மகனுக்கு, அதாவது மன்னார்க்காரரின் அப்பாவுக்கு, என்ன பேர் வைக்க வேண்டும் என்று தாத்தா எழுதியிருந்தார். கடிதம் பாலைவனத்தைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்வதற்குள் ஞானஸ்நானம் முடிந்து, கோயில் புத்தகத்தில் வேறு பேர் ஏறிவிட்டது. தாத்தா சொன்ன பேர் வீட்டில் கூப்பிடுகிற பேராகவே கடைசிவரை நின்றுவிட்டது. இப்போது மன்னார்க்காரரின் மகளுக்குப் பையன் பிறந்திருக்கிறான். அந்தப் பேரை இந்தமுறையாவது புத்தகத்தில் ஏற்ற வேண்டும், கடிதம் கையில் இருக்க வேண்டும் என்று அவர் நினைத்திருந்தார். ஞானஸ்நானம் வருகிற ஞாயிறு.

"அந்தாள் பிள்ளையைப் பாக்காமல் சட்டையைப் பாத்திட்டுப் போற ஆள் எண்டு சொல்லுறார், தங்கச்சி. தம்பியிட்டைச் சொல்லாதேங்கோ" என்றாராம் அக்கா. என் மனைவி உடனே சொன்னாள்.

வீட்டைக் கவிழ்த்துத் தேடினோம். மனைவி நடுக்கூடத்தில் நின்று விசாரணையை ஆரம்பித்தாள்.

"அதை வெளிய எடுத்தப்ப என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"படிச்சுக்கிட்டிருந்தேன்."

"எங்க வரைக்கும் படிச்சோம்னு அடையாளத்துக்கு என்ன வச்சீங்க?"

நான் புத்தக அலமாரியைப் பார்த்தேன். காஸ் பில், விமான டிக்கெட், ஒருமுறை அவளுடைய எக்ஸ்ரே எல்லாம் என் புத்தகங்களுக்குள் அடையாளமாக இருந்தது அவளுக்குத் தெரியும். அன்று நான் படித்துக்கொண்டிருந்தது பாலைவனத் தபால் பற்றிய தடிப் புத்தகம். அதை ஊருக்குக் கிளம்பும் முன்பு மச்சினனிடம் கட்டாயப்படுத்திக் கொடுத்தனுப்பியிருந்தேன். அவன் சிட்னியில், வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறான்.

"அந்த புக்கா அத்தான்? சூப்பர் புக்" என்றான் போனில்.

"எதுவரைக்கும் படிச்ச?"

"இப்பதான் ஸ்டார்ட் பண்ணியிருக்கேன்."

கம்ப்யூட்டர் திரையை உயர்த்திவைக்க அதைக் கீழே கொடுத்திருந்தான். திறந்து பார்க்கச் சொன்னேன். கடிதம் இருந்தது. யாரும் திறக்காத புத்தகம்போல் பாதுகாப்பான இடம் வேறில்லை. எந்தப் பக்கத்தில் இருந்தது என்றும் கேட்டேன். ரஃபீக் பற்றிய அத்தியாயமாம்.

"ரிஜிஸ்டர் தபால்ல போடச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

"தபால்லயா?" என்றேன், பதறி.

"இருபது வருஷமா தபாலைப் பத்தித்தானே பேசுறீங்க?"

பேசுவது வேறு, நம்புவது வேறு. போட்டோ எடுத்து அனுப்பலாமா என்று அக்காவிடம் கேட்கச் சொன்னேன். "போனைக் காட்டியோ பேர் வைக்கிறது?" என்று பதில் வந்தது. நானே விமானம் ஏறியிருக்கலாம். ஆனால் மச்சினனின் பக்கத்து வீட்டுக் குடும்பம் அந்த வெள்ளிக்கிழமை காரில் மெல்போர்ன் வருவதாகத் தெரிந்தது. நம் ஆட்களின் உண்மையான தபால் அதுதானே. அந்த வீட்டம்மாவிடம் பேசினேன். அவர் தயங்கினார், கார் நிறைய சாமான் என்றார். ஒரு புத்தகம்தானே என்றேன். யோசித்தார். பிறகு, "நோபல் பார்க்ல சிலோன் ரோல்ஸ் நல்லா இருக்குமாமே?" என்றார்.

துரைமார் அங்கி கொடுத்தார்கள். நான் நாற்பது மட்டன் ரோல்ஸ் கொடுக்கச் சம்மதித்தேன். அவர் முதலில் அறுபது கேட்டார் என்பதையும், பேசிக் குறைத்தவன் நான் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

வெள்ளிக்கிழமை கார் கான்பராவில் ஒரு பிறந்தநாள் விருந்துக்கு ஒதுங்கியது. சனிக்கிழமை ஆல்பரியில் டயர் போனது. ஞாயிறு காலை ஒன்பதரைக்கு நான் வாசலில் ரோல்ஸ் பெட்டிகளோடு நின்றேன். பத்தேகாலுக்குக் கார் வந்தது. பூசை பதினொன்றுக்கு. அந்த அம்மா முதலில் ரோல்ஸை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் புத்தகத்தைத் தந்தார். பாலைவனத்திலும் அப்படித்தான் நடந்திருக்கும்.

கோயில் வாசலில் புத்தகத்தோடு நின்றேன். அவருடைய தம்பிமார், மச்சான்மார், கோட் போட்ட மருமகன், எல்லோரும் படியில் நின்றார்கள். எல்லோருக்கும் என்னைத் தெரியும் என்பது அவர்கள் பேச்சை நிறுத்திய விதத்தில் தெரிந்தது. கூட்டத்துக்குள்ளிருந்து அக்கா இறங்கி வந்தார். பட்டுச்சேலை, கையில் குழந்தையின் பால் போத்தல்.

"தனியப் போகாதேங்கோ தம்பி. என்னோடை வாங்கோ" என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். படியில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். புத்தகத்தில் ரஃபீக்கின் கையில் பால் போத்தல் இருந்ததாக இல்லை. மற்றபடி எல்லாம் சரியாக இருந்தது.

அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் கடிதத்தை நீட்டினேன். வாங்கினார், என்னைப் பார்க்கவில்லை. ஃபாதர் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றி அந்தப் பேரைச் சொன்னபோது, அவர் காகிதத்தைப் பிரித்து அந்தப் பேரின்மேல் விரலை வைத்தார். பையன் வீறிட்டு அழுதான்.

பூசைக்குப் பிறகு மண்டபத்தில் அவர் எழுந்து கடிதத்தை வாசித்தார். நானும் அப்போதுதான் முதல்முறையாக அதைக் கேட்டேன். பிள்ளைக்கு இந்தப் பேர், உனக்கு உடம்பு எப்படி, ஆட்டுக்குட்டியை விற்றுவிடாதே என்றெல்லாம் போயிற்று. கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினார். மண்டபத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்: "கடிதம் பிந்தி வந்தால் கோபிக்க வேண்டாம். கொண்டு வருகிறவர்கள் நல்ல மனிதர்கள்தான். வழிதான் நீளம்."

முதலில் சிரித்தது அக்கா. பிறகு அவருடைய தம்பிமார். நான் என் தட்டில் இருந்த கேக்கை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் என்னிடம் வந்தார். கோட் பையிலிருந்து பழைய உறையை எடுத்து, கடிதத்தை மடித்து அதற்குள் வைத்தார்.

"ரெண்டும் ஒண்டாத்தான் வந்தது, தம்பி."

"ஆமாண்ணே."

"எனக்கு இங்கை ஆக்களைப் பாக்கவேணும். இதைக் கொண்டுபோய் என்ரை காருக்குள்ளை வைச்சிட்டு வாங்கோ." சாவியையும் உறையையும் என் கையில் கொடுத்தார். "வாற ஞாயிறு எந்தப் பாலைவனம்?"

தலையை ஆட்டிவிட்டு, உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கார் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தேன். பத்தடி போவதற்குள் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"நில்லுங்கோ தம்பி" என்றார் அக்கா, பால் போத்தலோடு. "நானும் கூட வாறன்."