ரெடி அக்காவின் அருவிப் பயணம்

தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரெடி அக்கா என்றால்தான் தெரியும். பக்கத்து வீட்டில் காய்ச்சலோ, பள்ளி நாடகத்துக்கு உடை தைக்க வேண்டுமோ, கேட்டவர் வாயை மூடுமுன் "ரெடி" என்பாள். வாசலறையில் அவளுடைய தையல் மெஷின். அடுத்த அறையில் கட்டில். கட்டிலில், பக்கவாதத்தில் ஒருபக்கம் விழுந்துபோன கணவன்.

அவன் லாரி ஓட்டியவன். ஏரியும் அருவியுமாகக் கிடக்கும் மலைப்பக்கம் வழியாக மரம் ஏற்றிப் போவான். வீட்டுக்கு வந்தால் தண்ணீர் அப்படி விழும், இப்படித் தெறிக்கும் என்று அளப்பான். "ஒருநாள் உன்னைக் கூட்டிட்டுப் போறேன்" என்பது அந்த அளப்பின் கடைசி வரி. இன்றைக்கு டயர், நாளைக்கு லோடு என்று தள்ளித் தள்ளி, அந்த ஒருநாள் வராமல் பக்கவாதம் வந்து சேர்ந்தது.

கல்யாணத்துக்கு முன் அவள் ஆஸ்பத்திரி வார்டில் உதவியாளாக இருந்தவள். அதனால் அவனை நன்றாகவே பார்த்துக்கொண்டாள். முதுகில் ஒரு புண் வந்ததில்லை. சாப்பாடு கொடுப்பதற்கு மட்டும் தனி முறை வைத்திருந்தாள். நிமிர்த்தி உட்காரவைத்து, கிண்ணத்தின் விளிம்பில் கரண்டியால் இரண்டு தட்டு தட்டுவாள். அவன் வாய் திறப்பான். விழுங்கியபின் கன்னத்தில் மிச்சம் ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி தட்டுவாள். வேறு யார் கையிலும் அந்தக் கரண்டி போனதில்லை. "என் கை பட்டாத்தான் அவர் வாய் திறக்கும்" என்று சொல்லிக்கொள்வதில் அவளுக்கு ஒரு பெருமை.

படுத்திருப்பவரை ஒரே கைக்குப் பழக்கினால் அது சேவை இல்லை, இரண்டு பேருக்கும் சேர்த்துப் பூட்டிய விலங்கு. வார்டில் முதல் வாரமே இதைச் சொல்லித் தருவார்கள். அவளுக்கும் சொல்லியிருப்பார்கள்.

தம்பி குடும்பம் வருஷாவருஷம் அந்த மலைப்பக்கம் கூடாரம் போடப் போகும். திட்டம் போட்டுக் கொடுப்பது அக்கா, போய் வருவது அவர்கள். இந்த வருஷம் தம்பி மனைவி வந்து உட்கார்ந்து, "அண்ணி, இந்தத் தடவை நீங்களும் வர்றீங்க. மாமாவுக்கு ஆள் வெச்சுடலாம்" என்றாள். பாசம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் போன வருஷம் அக்கா சொன்னதைக் கேட்காமல், பார்க்க அழகாக இருக்கிறதென்று ஏரிக்கரையிலேயே கூடாரம் அடித்து, மழையில் பாயோடு மிதந்து, பிள்ளைகள் சளியோடு திரும்பினார்கள். அந்தப் பயமும் பாசத்தோடு சேர்ந்து வந்தது.

எதற்காகக் கூப்பிட்டால் என்ன, அவளுக்குப் போக வேண்டும். ஒரு தடவையாவது அந்தத் தண்ணீர் விழுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

வேலையில் இறங்கினாள். கிழிந்த கூடாரத் துணியை மெஷினில் ஓட்டி, தையல்மேல் மெழுகு தேய்த்தாள். கரையில் சருகும் குச்சியும் ஒதுங்கிய கோடு எதுவரை இருக்கிறதோ, அதுவரை தண்ணீர் ஏறும், அதற்கு மேலேதான் கூடாரம் என்று தம்பிக்குப் பாடம் எடுத்தாள். அருவித் தண்ணீர் திடீரென்று கலங்கினால் மேலே மழை, பிள்ளைகளை உடனே வெளியே இழு என்றாள். எல்லாம் டிரைவர் அளந்ததில் வடிகட்டி எடுத்த விஷயங்கள். முதலில் தேவைப்படுவது மேலே வரும்படி மூட்டை கட்டினாள். கடைசியாகத் தனக்கென்று, ஈரப் பாறையில் வழுக்காத ரப்பர் ஷூ ஒன்று வாங்கினாள்.

"அத்தை, மலையேறிச் சண்டைக்குப் போற மாதிரி இருக்கு" என்று தம்பி மகள் சிரித்தாள். "உங்கப்பனோட போறதே சண்டைக்குப் போறதுதானே" என்றாள் இவள்.

கட்டிலில் இருந்தவன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பேச்சு ஓரிரு சொல்லாகக் குறைந்திருந்தது. காது குறையவில்லை.

மாற்று ஆளாக வந்தவள் முதியோர் இல்லத்தில் பல வருஷம் வேலை பார்த்தவள். பழகிக்கொள்ள முந்தின நாளே வந்துவிட்டாள். கரண்டியை வாங்கப் போனபோது அக்கா விடவில்லை. பாத்துக்குங்க போதும் என்று தானே தட்டி, தானே ஊட்டினாள். "பாத்தா எனக்குப் பழகும், அவருக்கு எப்படிப் பழகும்?" என்று வந்தவள் கேட்டாள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அக்கா கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டாள். கடைசி நேரத்திலும் பெருமையை விட மனம் வரவில்லை.

காலையில் வேன் வந்து நின்றது. ஷூ போட்டுக்கொண்டு அக்கா தயார். வந்தவள் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்து இரண்டு தட்டு தட்டினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். இன்னும் இரண்டு தட்டு. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அக்கா வாங்கித் தட்டினாள். அதற்கும் திறக்கவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இங்கே வாயே எட்டவிடவில்லை.

தம்பி ஹாரன் அடித்தான். பிறகு உள்ளே வந்து எட்டிப் பார்த்தான். நேரமாகிவிட்டால் மலைப்பாதையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் போகவேண்டும் என்றான்.

"நீங்க கிளம்புங்கம்மா" என்றாள் மாற்று ஆள். "பசிச்சா தின்பாரு. இந்த மாதிரி வாய் நான் எத்தனையோ பாத்திருக்கேன்."

"மாத்திரை போடணும். வெறும் வயித்துல போட முடியாது" என்றாள் அக்கா. தம்பியைப் பார்த்தாள். கொஞ்சம் பொறுக்கிறேன் என்று அவன் சொல்வான் என்று நின்றாள்.

"அப்ப அடுத்த வருஷம் பாத்துக்கலாம்க்கா" என்றான் தம்பி.

வேன் போய்விட்டது. அக்கா கொல்லைப்படியில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்தாள். ஒரு காலைக் கழற்றுவதற்குள் உள்ளே கரண்டிச் சத்தம் கேட்டது. தட்டு, தட்டு. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. ஒரு காலில் ஷூவோடு போய்ப் பார்த்தாள். கஞ்சி பாதிக்குமேல் காலி. மோவாயைத் தாழ்த்தி, ஒழுங்காக விழுங்கிக்கொண்டிருந்தான்.

"வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டுச்சு, வாய் தானாத் திறந்துடுச்சு" என்றாள் மாற்று ஆள். அவளுக்கே சொல்லச் சங்கடமாக இருந்தது.

அவன் மனைவியை நேராகப் பார்த்தான். "போயாச்சா?" என்றான்.

அக்கா கட்டில் ஓரமாக வந்து உட்கார்ந்தாள். அவன் வாயைத் துடைத்தாள், கன்னத்தில் மிச்சம் இல்லையே என்று பார்த்தாள், மாத்திரை கொடுத்தாள். வேலை வேலைதான்.

சாயங்காலம் தம்பி போன் செய்தான். கூடார முளை எங்கே என்று கேட்டான். பின்கதவுப் பக்கம், நீலப் பையில், சுத்தியலோடு, எல்லாவற்றுக்கும் மேலே என்று சொன்னாள். தம்பி மனைவி போனை வாங்கி, "அண்ணி, அருவி பக்கத்துலதான் இருக்கோம், கேளுங்க" என்று அந்தப் பக்கம் நீட்டினாள். யாரோ குழாயை மூட மறந்துபோன மாதிரி ஒரு இரைச்சல் வந்தது. அவளுக்குக் கிடைத்த அருவி அவ்வளவுதான்.

மாற்று ஆளை அவள் அதோடு அனுப்பிவிடவில்லை. தினம் மத்தியானம் வந்து ஊட்டும்படி வைத்துக்கொண்டாள். அவன் பல்லைக் கடித்தால், அக்கா ரப்பர் ஷூவைப் போட்டுக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போய்விடுவாள். திரும்பி வரும்போது கிண்ணம் காலியாக இருக்கும். சில மாதத்தில் யார் கரண்டியை நீட்டினாலும் வாய் திறந்தது. அடுத்த வருஷத்துக்கு அவள் ரெடி.

அடுத்த வருஷம் தம்பி வந்தான். ஏரியெல்லாம் பிள்ளைகளுக்குச் சலித்துவிட்டதாம், கூடாரத்தை விற்றாயிற்றாம், இந்தத் தடவை கடற்கரையில் விடுதியாம். வேனில் மாமனார் வீட்டாரும் வருகிறார்களாம், இடம் இல்லையாம்.

"நீதான்க்கா திட்டம் போட்டுத் தரணும். உனக்குத்தான் எல்லாம் தெரியும்."

அவள் மெஷினில் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "எனக்குக் கடலைப் பத்தி எதுவும் தெரியாது" என்றாள்.

டீ கூடக் குடிக்காமல் தம்பி எழுந்து போனான். அக்காவுக்கு இப்போதெல்லாம் தலைக்கனம் என்று தெருவில் சொல்லிக்கொண்டும் போனான்.