துரைக்க கசேர

அந்த ஆடும் நாற்காலியை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு ஓங்கரிக்கிறது. நாற்காலியை எங்கள் பக்கத்தில் கசேர என்போம். வெள்ளைக்காரன் கப்பலேறிய பிறகு, மலைத் தோட்டத்துத் துரைமார் விட்டுப்போன தட்டுமுட்டெல்லாம் குளச்சலில் ஒரு பழைய சாமான் கடையில் வந்து குவிந்தன. அப்பா அங்கே போய் இதை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார், எனக்குச் சீராகக் கொடுப்பதற்கு.

ஆசைப்பட்டது நானல்ல. எனக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் தகப்பனார். தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலமெல்லாம் துரைமார் முன்னால் கைகட்டி நின்றவர். நகை பெரிசில்லை, பாத்திரம் பெரிசில்லை, துரை உட்கார்ந்த ஆடும் கசேர ஒன்று வேண்டும் என்று ஆள்விட்டுச் சொன்னார். அது இல்லையென்றால் சம்பந்தமும் இல்லை என்பது எங்களுக்குப் புரிந்தது. எனக்குப் பத்தொன்பது வயது ஆகியிருந்தது. அதற்கு முன்பே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. அம்மா என் முகத்தைப் பார்ப்பதையே விட்டிருந்தாள்.

வண்டியிலிருந்து இறக்கிய அன்றே எனக்கு அதைப் பிடிக்கவில்லை. பிரம்புப் பின்னலின் கண்ணுக்குக் கண் மூட்டைப்பூச்சி. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினோம், தரையில் செக்கச்செவேலென்று வழிந்தது. அதற்குப் பிறகும் ஒரு வாடை போகவில்லை. வெயிலில் தெரியாது, மழை பெய்தால் கிளம்பும். "சீம மரத்துக்க மணமாக்கும் அது" என்றார் அப்பா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

சம்பந்திக்கு அது துரையுடையதுதானா என்று சந்தேகம். ஊர் ஆசாரி செய்ததைத் தலையில் கட்டிவிடுவார்களோ என்று பயம். அப்பா ஆசாரியைக் கூப்பிட்டார். அவர் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, உளியால் அடியில் லேசாகச் சுரண்டி, மோந்து, நாக்கில் வைத்துப் பார்த்தார். அதைப் பார்த்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"மேல உள்ளது நம்ம ஊரு மரமில்ல, பிள்ளே" என்றார் அப்பாவிடம். "தேக்குமில்ல, ஈட்டியுமில்ல. முள்ளாணி எல்லாம் கையால அராவுனது. அறுவது வருசத்துக்குக் கொறையாது. ஆனா அடியில வளைஞ்சு கெடக்கே, ஆடுகதுக்கு வச்சது, அது நம்ம ஊரு அயினி மரம். பொறவு யாரோ காலை அறுத்திட்டு வச்சிருக்கான். ஒண்ணு ரெண்டு வருசம் இருக்கும்."

"ஆடுகதுக்கு வசதியா துரையே வச்சிருப்பாரு" என்றார் அப்பா.

"அது சரி. பலகைக்க நடுவுல வட்டமா ஓட்ட போட்டு, மேல பிரம்பு பின்னி மறைச்சிருக்கே, அது எதுக்கு?"

அப்பா யோசிக்கவே இல்லை. "வெள்ளக்காரனுக்கு வேர்க்கும்லா. கீழேந்து காத்து வரணும்."

ஆசாரி தலையாட்டினார். அம்மாவும் தலையாட்டினாள். நானும்தான் நம்பினேன். விடியுமுன் செம்பைத் தூக்கிக்கொண்டு தோப்புக்குப் போகிற கூட்டம் நாங்கள். எங்களுக்கு வேறு என்ன தோன்றும்?

ஆசாரி சொன்னது சம்பந்திக்குப் போதவில்லை. பங்களாவில் வேலை பார்த்தவன் எவனாவது வந்து பார்த்துச் சொன்னால் அன்றைக்கே வெற்றிலை மாற்றிக்கொள்ளலாம் என்றார். எந்தப் பங்களாவிலிருந்து வந்தது என்று கடைக்காரனிடம் கேட்டு, அப்பா மலைக்கு ஆள் அனுப்பினார். சமையல்காரன் செத்துப்போயிருந்தான், பட்லர் மதராஸுக்குப் போய்விட்டான். ஒரே ஒரு கிழவர் மிச்சம். பங்களாவில் முப்பது வருஷம் வேலை என்றார்கள். என்ன வேலை என்று அப்பா கேட்டிருக்கலாம். அவசரத்தில் கேட்கவில்லை.

அவர் வந்தபோது சம்பந்தி எங்கள் முன்கட்டில் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, காலை உன்னி உன்னி ஆடிக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் அழி வழியாகப் பார்த்தேன். கிழவர் துரையின் பழைய கோட்டு ஒன்றைப் போட்டிருந்தார், முட்டு வரைக்கும் தொங்கியது. முற்றத்தின் கடைசியில், மாட்டுத் தொழுத்துப் பக்கம் ஒதுங்கி நின்றார். நின்ற நிலையிலேயே அப்பாவுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது, முகம் கறுத்தது. கோயிலை எல்லாருக்கும் திறந்துவிட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்கள் முற்றம் இன்னும் திறக்கவில்லை.

"துரைக்க கசேர தானா இது? பாத்துச் சொல்லு" என்றார் சம்பந்தி.

"வலத்த கைப்பிடிக்க அடியில சுட்ட பாடு ஒண்ணு உண்டும் ஏமானே. துரை சுருட்டு வைக்க எடம்."

சம்பந்தி விரலால் தடவினார். இருந்தது. அவர் முகம் மலர்ந்துபோயிற்று.

"பெரிய துரை, இவருக்க அப்பன், கப்பல்ல கொண்டு வந்தது. எனக்க அப்பன் சின்னப்பிள்ள அப்போ. ஆனா அண்ணைக்கு இது ஆடாது ஏமானே. நாலு காலும் நேரா நிக்கும். நடுவுல பீங்கான் சட்டி இருக்கும். துரை காலம்பற வெளிக்கு இருந்து எழும்புனதும் சட்டியை எடுத்துக் கொட்டிக் கழுவி வைக்கது நானாக்கும். எனக்கு முன்ன எனக்க அப்பன்."

அவர் பெருமையாகக்கூடச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். சம்பந்தியின் கால் நின்றது, நாற்காலியும் நின்றது. ஆசாரியின் நாக்கு ஞாபகம் வந்தது. அந்த நிமிஷம் சம்பந்தி எழுந்து போவார், கல்யாணம் நின்றது என்றுதான் நினைத்தேன். நிற்கட்டும் என்றும் நினைத்தேன்.

அவர் எழவில்லை. அந்தச் சுட்ட பாட்டை இன்னொரு தடவை விரலால் தடவினார். பிறகு காலை உன்னி மெல்ல ஆட ஆரம்பித்தார்.

"அப்பம் துரைக்கது தான்" என்றார். "சந்தேகமில்ல."

அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெற்றிலைத் தட்டை எடுக்கச் சொன்னார். கிழவர் முற்றத்தில் அப்படியே நின்றார். "மலையேந்து நடந்து வந்தது ஏமானே. தாகத்துக்குக் கொஞ்சம் வெள்ளம்" என்று கேட்டார். "வாசலுக்கு அங்க போய் நில்லு, வரும்" என்றார் அப்பா.

உள்ளே வந்து என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஏட்டி, அவன் நிண்ண எடத்துல சாணி கரைச்சுத் தெளி. சம்பந்தக்காரங்க வீட்டுல இருக்காவ."

"தண்ணி கேட்டாரே" என்றேன்.

"முதல்ல தெளி."

அப்படிப்பட்டவர்களுக்குத் தண்ணீர் வார்க்கவென்று தொழுத்துச் சுவரில் ஒரு மண்கலயம் கவிழ்த்து வைத்திருப்போம். அவசரத்தில் கைக்கு அதுதான் அகப்பட்டது. அதில் சாணியைக் கரைத்து எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினேன்.

வாசலுக்கு வெளியே நின்ற கிழவர் கலயத்தைப் பார்த்தார். இரண்டு எட்டு முன்னால் வந்து, குனிந்து, கோட்டுக் கையைப் பின்னுக்குத் தள்ளி, இரண்டு கைகளையும் சேர்த்து வாய்க்கு நேரே குவித்துப் பிடித்தார்.

நான் தெளித்தேன். அவர் நின்ற இடத்தில், அப்பா சொன்னபடி, ஒரு சொட்டு விடாமல் தெளித்தேன். அவர் தரையில் விழுந்த நிறத்தைப் பார்த்தார். கைகளைப் பிரித்துக் கோட்டில் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். கூப்பிட வேண்டும் என்று வாய்வரைக்கும் வந்தது, கூப்பிடவில்லை. என் பின்னால் நாற்காலி ஆடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த மாதம் கல்யாணம் நடந்தது. மாமனார் சாகிறவரைக்கும் தினமும் நான்தான் அதைத் துடைத்து வைத்தேன். மழை பெய்தால் அந்த வாடை வரும். எனக்கு ஓங்கரிப்பது அதை நினைத்தல்ல.