டீசல்காரரின் சாப்பாட்டு டப்பா

சாப்பாட்டு டப்பாவை என்ஜின் அறையின் சூடான தகட்டில் வைத்து, அது நடுங்கி விழாமல் பழைய கையுறை ஒன்றை முட்டுக் கொடுத்த பிறகுதான் டீசல்காரர் ரயிலை எடுப்பார். மதியம் மூடியைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும். "வீட்டு அடுப்புக்குக்கூட என்மேல இவ்ளோ அக்கறை கிடையாது" என்று வீட்டுக்கு வந்து சொல்வார், மனைவியின் காதுபட.

அவர் காதைத்தான் என்ஜின் பாதி தின்றுவிட்டது. உள்ளங்கையால் கேட்கிறார். தண்ணீர் மோட்டார், குளிர்பெட்டி, ஒருமுறை தூங்கிக்கொண்டிருந்த என் பூனை, எல்லாவற்றின் மேலும் கைவைத்து "ஓடுது" என்று சான்று வழங்கியிருக்கிறார். அவர் குறட்டைக்குப் பக்கத்து வீட்டில் என் சன்னல் தானே திறந்து மூடும். நம்பாதவர்கள் ஓர் இரவு தங்கிப் பார்க்கலாம்.

மகள் மின்கம்பி இழுக்கும் குழுவில் இருக்கிறாள். எங்கள் பாதைக்குக் கம்பி போட்டபோது அந்த வேலை வண்டியை இழுத்ததே அப்பாவின் டீசல்தான்.

"அப்பா, குலுக்காதீங்க! மேல நான் நிக்கிறேன்!"

"என் வேலைக்கு உலை வைக்கிற கம்பிக்கு நானே பல்லக்கு தூக்கறேன். இதுல குலுக்கக்கூடாதாம்!"

குலுக்கவில்லை.

மின்சார என்ஜின் பயிற்சிக்குப் போவதா, டீசலோடு யார்டில் பெட்டி தள்ளிக்கொண்டே ஓய்வு பெறுவதா? பதில் சொல்லச் சொல்லி மேலிடம் கெடு வைத்தது. வீடு பட்டிமன்றமானது.

"என்னோடதும் கரண்ட்டு வண்டிதான்டி. டீசலைக் குடிச்சு வயித்துக்குள்ளயே கரண்ட்டு செய்யுது. உன்னோடது கம்பி அறுந்தா அம்போ!"

"ஊரு மூக்குல புகையை ஏத்துறது யாரு?"

"உனக்குக் கரண்ட்டு செய்யற இடத்துல மட்டும் மல்லிப்பூவா எரியுது? அதை விடு. உன் வண்டியில என் டப்பாவை எங்க வைக்கறது?"

"யாராவது சீக்கிரம் ஜெயிங்க, சாப்பாடு ஆறுது" என்றார் அவள் அம்மா.

போன வாரக் காற்றில் கிளை விழுந்து கம்பி அறுந்தது. நடுவழியில் நின்ற மின்சார ரயிலை டீசல்காரர், மாப்பிள்ளை முறுக்கோடு போய், நிலையம்வரை இழுத்து வந்தார். மகளின் குழு கம்பியைச் சரிசெய்யும் நேரத்தில், உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க அந்த என்ஜினில் ஏறினார். வெகுநேரம் இறங்கவில்லை.

"அங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"சும்மா உக்காந்திருந்தேன். கரண்ட்டு வந்துச்சு. வண்டி லேசா முனகிச்சு, அவ்ளோதான். பிளாட்பாரத்துல நின்னு எம்பொண்ணு 'அப்பா, இறங்குங்க'ன்னா." காதைத் தடவிக்கொண்டார். "ஒரே தடவைதாங்க கூப்பிட்டா. கேட்டுடுச்சு."

கெடு முடியும் நாள் காலையில் நான் போனபோது மனைவி டப்பாவை நீட்டிக்கொண்டிருந்தார். டீசல்காரர் கொடியிலிருந்து தடித்த துண்டை உருவி, டப்பாவை இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டார். மேலே உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். போதவில்லை போலும், இன்னொரு துண்டை உருவினார்.