வரிசையில் மீனுக்குப் பின்னால்

ஞானதாஸ் அண்ணன் இறந்துவிட்டார் என்று அவருடைய மகள் ஷீபா போனில் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, எரிச்சல். எலிக்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்த ஐந்தாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. "ஓடையில எறங்காதீரும்" என்று எத்தனை தடவை சொன்னேன்! சபைச் செயலாளராகவும் சொன்னேன், தம்பியாகவும் சொன்னேன். கேட்டால்தானே?

அவரோடு பழகிய உங்களுக்குத் தெரியும், அது லேசான காரியமில்லை. பாறசாலைக்கும் பெருங்கடவிளைக்கும் இடையே பஸ் கண்டக்டராக ஓடி ஓய்வுபெற்றவர். பிறகு நம் சபையில் வியாழக்கிழமை வேதபாடம் நடத்தினார். ஆதியாகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களில் ஒரு வருடம் நின்றார். பொறுக்கமாட்டாமல் ஒருநாள் கேட்டேன்: "அண்ணே, ஆபிரகாம் எப்ப வருவாரு?"

"மக்கா, மனுசன் பெருகணும்ணு ஆண்டவரு ஆசீர்வதிச்சது ஆறாம் நாளாக்கும். மீனையும் பறவையையும் அஞ்சாம் நாளே ஆசீர்வதிச்சாச்சு. வரிசையில நமக்கு முன்ன மீனு நிக்குது. அதைத் தள்ளிவிட்டுட்டு ஏறுனா நாம எப்படி செழிப்போம்? இது முதல்ல வெளங்கட்டு. ஆபிரகாம் பைய வரட்டு."

கண்டக்டர் புத்தி. வரிசை மீறினால் கர்த்தருடைய பிள்ளைகளையும் இறக்கிவிடுவார்.

நம் ஆலயத்துக்குப் பின்னால் ஓடும் ஓடை நெய்யாற்றில் போய்ச் சேருகிறது. ஒவ்வொரு விருந்துக்குப் பிறகும் காகிதத் தட்டும் பிளாஸ்டிக் டம்ளரும் அதில்தான் போய் விழும். யார் போடுகிறார்கள் என்று நாம் யாரும் கேட்டதில்லை; கேட்டால் பதில் வந்துவிடும் அல்லவா? அவர் மட்டும் இறங்கி அள்ளுவார். அள்ளிவிட்டுப் பேசாமல் போயிருந்தால் அவரை நல்ல மனிதர் என்று சொல்லியிருப்போம்.

அறுப்பின் பண்டிகையன்று எல்லோரும் வாழைக்குலையும் மரச்சீனிக் கிழங்கும் தேங்காயும் கொண்டுவந்து பலிபீடத்துக்கு முன்னால் வைத்தார்கள். அவர் ஓடையில் அள்ளி நிரப்பிய ஒரு நனைந்த சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் இறக்கினார். ஆலயம் முழுவதும் நாற்றம். ஆயர் ஜெபத்தைப் பாதியில் நிறுத்தினார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"அண்ணே, என்ன காரியம் இது? ஒமக்குக் கிறுக்கா?"

"நம்ம விளைச்சல்தானேடே இதும். நல்லத மட்டும் காட்டுனா ஆண்டவருக்குக் கணக்கு தெரியாதா?"

அந்த வாரமே கமிட்டி கூடி அவரை வேதபாடத்திலிருந்து நீக்கியது. கடிதம் எழுதியது நான். கொண்டுபோய்க் கொடுத்ததும் நான். முற்றத்தில் நின்றே வாசித்தார். "ஒழுங்கீனத்துக்கு 'ழ' போடணும் மக்கா" என்று பேனாவால் திருத்தினார். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். சண்டை போட்டிருக்கலாமே! அடுத்த வியாழக்கிழமை கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்து, வேறொருவர் நடத்திய பாடத்தைக் கவனமாகக் கேட்டார். அந்த ஒரு மணி நேரமும் எனக்கு முள்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

இந்த மழைக்காலத்தில் சபையின் கன்வென்ஷன் கூட்டம் வந்தது. மூன்று நாள் சாப்பாடு. முன்கூட்டியே என்னிடம் வந்தார். "தட்டெல்லாம் எடுத்துட்டுப் போக பஞ்சாயத்துல ஆளு உண்டு. நீ ஒரு போன் போட்டா மதி, அது போரும்." போடுகிறேன் என்றேன். பந்தல், மைக், விருந்தாளிகள் என்று ஓடியதில் மறந்துவிட்டேன். நான்காம் நாள் காலையில் அவர் ஓடைக்குள் நின்றார், காலில் கட்டுப்போட்ட புண்ணோடு. மேலே நின்று சத்தம் போட்டேன். "இன்னும் ரெண்டு சாக்குதான், இப்ப வாறேன்" என்றார். காய்ச்சல் வந்தபோது வெறும் ஜலதோஷம் என்று சொல்லி மூன்று நாள் வீட்டிலேயே கிடந்திருக்கிறார்.

அவர் மேல் எனக்குள்ள எரிச்சலில் பாதி என் மேல் வர வேண்டியது. எந்தப் பாதி என்று பிரிக்கத்தான் தெரியவில்லை.

முப்பதாம் நாள் ஜெபத்துக்கு ஆலயத்தில் சாப்பாடு ஏற்பாடானது. கமிட்டியில் நான் எழுந்து, இனி எவர்சில்வர் தட்டுதான் என்றேன்.

"ஆரு களுவுவா?" என்றார் பொருளாளர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நான் களுவுதேன்" என்று வாய் சொல்லிவிட்டது.

பந்தி முடிந்து பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்தேன். இருபது தட்டுக்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஷீபா வந்து பக்கத்தில் குந்தினாள். சோப்பு நுரையைப் பார்த்தவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "சித்தப்பா, இந்தத் தண்ணி ஓடைக்குத்தானே போகுது? அப்பா வீட்டுல சாம்பல் போட்டுத்தான் தேய்ப்பாரு."

செத்தும் விடுகிறாரா பாருங்கள்! அடுப்படியில் சாம்பல் வாரிக்கொண்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்த வேலைதான். விட்டுவிடலாம் என்று ஒவ்வொரு விருந்துக்கும் நினைக்கிறேன். விட முடியவில்லை.